விட்டுப்போன அம்புக்குறி
நாடாப்புழுவும் காக்காய் வலிப்பும்: ஒரு பாடப் படத்தின் திறனாய்வு

உயிரியல் படித்த மாணவர் எவரும் வரையாமல் தப்ப முடியாத படங்களில் ஒன்று, நாடாப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சி. ஒரு பக்கம் மனிதன், மறு பக்கம் பன்றி, இடையே அம்புக்குறிகள். மனிதனின் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறுகின்றன. அம்மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் இளம்புழுக்கள் தங்குகின்றன. சரியாக வேகாத அந்த இறைச்சியை உண்ணும் மனிதனின் குடலில் மீண்டும் நாடாப்புழு வளர்கிறது. வட்டம் முடிந்துவிடுகிறது, மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

நூல்களையும் நாடகங்களையும் மட்டுமே திறனாய வேண்டும் என்பதில்லை. ஒரு படத்தையும் திறனாயலாம். அதை நம்பி மக்கள் நடந்துகொள்கிறார்கள் என்றால் கட்டாயம் திறனாய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் இப்படத்தைக் கரும்பலகையில் வரைந்து நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டில் சைவம்தான். எங்களுக்கு இந்தப் புழுவால் ஒன்றும் வராதல்லவா?" என்று கேட்டாள். "வராதம்மா" என்று நானும் சொல்லிவிட்டேன். படத்தைப் பார்த்தால் அதுதான் சரியான விடை. ஆனால் உண்மையில் அது தவறான விடை. அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

படத்தின் பெருமை

முதலில் படத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, பன்றித் தசையில் காணப்படும் அரிசி போன்ற வெண்ணிறப் பைகளுக்கும் மனிதக் குடலிலுள்ள நீண்ட நாடாப்புழுவுக்கும் உறவு உண்டு என்பதை எவரும் நிறுவியிருக்கவில்லை. அவை வெவ்வேறு உயிர்கள் என்றே கருதப்பட்டன. உடலுக்குள்ளேயே புழுக்கள் தாமாகத் தோன்றுகின்றன என்று நம்பிய அறிஞர்களும் இருந்தார்கள்.

1853இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் பெனடென், நாடாப்புழுவின் முட்டைகளைப் பன்றிக்கு ஊட்டி, அதன் தசையில் இளம்புழுப் பைகள் உண்டாவதைக் காட்டினார். 1855இல் ஜெர்மானிய மருத்துவர் குய்ஹென்மைஸ்டர் மறுபாதியை மெய்ப்பித்தார். மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியின் உணவில் இப்பைகளைக் கலந்து கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் அவனுடைய குடலில் இளம் நாடாப்புழுக்களைக் கண்டெடுத்தார். அக்கைதியிடம் ஒப்புதல் கேட்காமல் செய்த இச்சோதனையை இன்று எந்த மருத்துவ ஒழுக்க நெறியும் ஏற்காது. எனினும் நம் பாடப் படம் இவ்விரு சோதனைகளின் பயன்தான். அதிலுள்ள எந்த அம்புக்குறியும் பொய்யன்று. அதன் குற்றம் வேறு: ஓர் அம்புக்குறி அதில் இல்லை.

விட்டுப்போனது எது?

டீனியா சோலியம் என்னும் இப்புழு மனிதக் குடலில் சில மீட்டர் நீளம் வளரக்கூடியது. தலையில் நான்கு உறிஞ்சிகளும் இரண்டு வரிசைக் கொக்கிகளும் உண்டு. உடல் நூற்றுக்கணக்கான கண்டங்களால் ஆனது. முதிர்ந்த கண்டம் ஒன்றில் சுமார் 50,000 முட்டைகள் வரை இருக்கலாம். இக்கண்டங்கள் மலத்துடன் வெளியேறுகின்றன. இத்தனை பெரிய புழு உள்ளே இருந்தும் அந்த மனிதருக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. வேலைக்குப் போவார், சமைப்பார், பிள்ளைக்குச் சோறூட்டுவார்.

அம்முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவே உடையது. மலம் கழித்தபின் சோப்புப் போட்டுக் கழுவாத கையின் வழியாகவோ, அசுத்தமான நீரின் வழியாகவோ, பச்சையாக உண்ணும் காய்கறியின் வழியாகவோ அது இன்னொரு மனிதரின் வாய்க்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மனிதரின் வயிறு அந்த முட்டைக்குப் பன்றியின் வயிற்றைப் போலவேதான். செரிமான நீரில் முட்டையின் உறை கரைகிறது. ஆறு நுண்கொக்கிகள் கொண்ட கரு வெளிப்பட்டுக் குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலக்கிறது. தசை, கண், மூளை எனப் பல இடங்களில் போய்த் தங்கிப் பட்டாணி அளவில் ஒரு பையாக வளர்கிறது. சிஸ்டிசெர்கஸ் என்று இப்பைக்குப் பெயர்.

ஆகவே இரண்டு வெவ்வேறு நோய்கள் இங்கே உள்ளன. புழுப்பை கொண்ட இறைச்சியை உண்டவருக்குக் குடலில் நாடாப்புழு. முட்டையை விழுங்கியவருக்கு மூளையில் புழுப்பை. இறைச்சி உண்டவர் முதல் நோய்க்கு ஆளாகலாம். இரண்டாவதற்கு இறைச்சி உண்ணவே வேண்டியதில்லை. அருகில் நாடாப்புழு உள்ள ஒருவர் இருந்தால் போதும். மனிதனிடமிருந்து மனிதனுக்குச் செல்லும் இந்த அம்புக்குறிதான் நாம் வரைந்த படத்தில் இல்லாதது. உயிரைக் குடிக்கும் நோய் இருப்பதும் இந்த அம்புக்குறியின் முனையில்தான்.

"ஐயா, எங்கள் வீட்டில் சைவம்தான்" என்ற மாணவிக்கு உரிய விடையை 1992இல் வெளியான ஓர் ஆய்வு தருகிறது. நியூயார்க் நகரில், சமயக் கட்டுப்பாட்டின்படி பன்றி இறைச்சியைத் தொடாத வைதிக யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நால்வருக்கு மூளையில் இப்புழுப்பைகள் காணப்பட்டன. அவ்வீடுகளில் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரிடம் நாடாப்புழு இருந்தது. இதைக் கேட்டவுடன் வேலைக்காரர்மேல் பழி போடத் தோன்றும்; அது இன்னொரு பிழை. அந்தப் பெண்ணும் நோயாளிதான். தமக்குப் புழு இருப்பதே அவருக்குத் தெரியாது. முதலில் மருத்துவம் பெற வேண்டியவர் அவர்.

பட்டாளத்தார் தந்த பாடம்

புழுவுக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பை வலுவாக நிறுவியவை இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்களைப் பற்றிய ஆய்வுகள். நல்ல உடற்கட்டோடு பட்டாளத்தில் சேர்ந்த இளைஞர்கள், இந்தியாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் தாயகம் திரும்பிய பின் திடீரென்று வலிப்புக்கு ஆளானார்கள். காரணம் தெரியாத வலிப்பு என்று சொல்லிப் படையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் உண்டு. 1930களில் படை மருத்துவர் வில்லியம் மக்ஆர்தர் இவர்களின் தோலுக்கடியில் சிறு முடிச்சுகளைத் தடவிக் கண்டறிந்து, மூளையிலும் இவையே உள்ளன என்று காட்டினார். பின்னர் டிக்ஸன், லிப்ஸ்கோம் ஆகிய இருவரும் இத்தகைய 450 பேரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து 1961இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்.

அவ்வறிக்கையின் தனிச்சிறப்பு, இயற்கையே அமைத்துக் கொடுத்த ஒரு சோதனையை அது பயன்படுத்திக்கொண்டதுதான். நோய் பரவியுள்ள நாட்டிலேயே வாழ்பவருக்கு எந்த நாளில் தொற்று ஏற்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் படைவீரர் இந்தியாவுக்கு வந்த நாளும் நீங்கிய நாளும் பதிவேட்டில் உள்ளன. எனவே தொற்றுக்கும் முதல் வலிப்புக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட முடிந்தது. பெரும்பாலோருக்கு ஏழு ஆண்டுகளுக்குள் வலிப்பு வந்தது. சிலருக்கு அதைவிட மிக நீண்ட காலம் கழித்து வந்தது.

ஏன் இத்தனை தாமதம்? உயிருள்ள புழுப்பை உடலின் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தி ஒளிந்திருக்கிறது. அது நலிந்து சாகத் தொடங்கும்போதுதான் உடல் அதை அயலானாகக் கண்டு தாக்குகிறது. சுற்றிலும் அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சி மூளை நரம்பணுக்களின் மின்னோட்டத்தைக் குலைக்க, வலிப்பு வருகிறது. செத்த புழு சில வேளை சுண்ணாம்புப் புள்ளியாக உறைந்து, பிற்காலத்திலும் வலிப்புக்குக் காரணமாகிறது. உயிரோடு இருந்தவரை ஊமையாக இருந்த புழு, சாகும்போதுதான் கூச்சலிடுகிறது.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. இந்த 450 பேரில் குடலில் நாடாப்புழு இருந்ததாகத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தாம். மற்றவர்களுக்கு முட்டை வேறு மனிதரிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. விட்டுப்போன அம்புக்குறி 1961லேயே எண்ணாக அச்சில் இருந்தது.

அறிக்கையின் குறைகளையும் சொல்ல வேண்டும். இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வலிப்பு இருந்தது என்பதைக் கொண்டு, புழுப்பை உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வலிப்பு வரும் என்று முடிவு செய்யக் கூடாது. வலிப்பு வந்ததால்தான் அவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். புழுப்பை இருந்தும் வலிப்பு வராமல் வாழ்ந்தவர் இக்கணக்கில் சேரவே இல்லை. மற்றொன்று, சிப்பாய்கள் தங்கியிருந்த ஊர்களில் அதே நீரைக் குடித்து, அதே கீரையை உண்டு, அவர்கள் திரும்பிச் சென்ற பின்னும் அங்கேயே வாழ்ந்த இந்தியர்களுக்கு அவ்வறிக்கையில் இடமில்லை. படைக்குச் செய்த ஆய்வு படையோடு நின்றுவிட்டது.

தீயில் விழுந்தவர்கள்

1970களில் நியூகினித் தீவின் மேற்குப் பகுதியில், பனியாய் ஏரிகளைச் சூழ்ந்த மலைநாட்டில் வாழும் எகாரி மக்களிடையே ஒரு விந்தையான கொள்ளைநோய் தோன்றியது. அது தீக்காயம்! எனரோட்டாலி என்னும் ஊரின் மருத்துவமனைக்குக் கடுமையாக வெந்துபோன கைகால்களுடன் மக்கள் வரலாயினர். மலைக்குளிருக்கு அஞ்சிக் குடிசைக்குள் தீ மூட்டி அதைச் சுற்றிப் படுப்பது அவர்கள் வழக்கம். தலைமுறை தலைமுறையாகத் தீயருகே உறங்கியவர்கள் இப்போது மட்டும் ஏன் தீயில் விழுகிறார்கள்?

உறக்கத்தில் வலிப்பு வந்து, நினைவிழந்து, தீக்குள் புரண்டார்கள் என்பது ஆராய்ச்சியில் தெரியவந்தது. 1971ஆம் ஆண்டையொட்டி இந்தோனேசிய அரசு பாலித் தீவிலிருந்து பன்றிகளைப் பரிசாக அனுப்பியிருந்தது. அவற்றுடன் நாடாப்புழுவும் அம்மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தது. பன்றியைச் செல்வமாகப் போற்றும் அம்மக்களிடையே, கழிப்பிடம் இல்லாத சூழலில், அது விரைவாகப் பரவியது. இதை விவரிக்கும் கட்டுரைகள் 1978இல் வெளிவந்தன.

புழு வந்தது, பின்னர் வலிப்பு வந்தது என்ற வரிசை மட்டுமே காரணத்தை மெய்ப்பிக்காது. காரணத்தை நீக்கினால் விளைவும் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹோண்டுராஸ் நாட்டின் சலமா பகுதியில் 1997 முதல் 2005 வரை கழிப்பிட வசதி, பன்றிகளை அடைத்து வளர்த்தல், புழுவுக்கு மருத்துவம், மக்களுக்குக் கல்வி ஆகியவற்றில் ஈடுபட்டார்கள். வலிப்பு நோயாளரில் புழுப்பையால் நோயுற்றவர்களின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தது. அது ஏழில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் மனிதருக்கும் பன்றிக்கும் மருந்தும், பன்றிக்குத் தடுப்பூசியும் கொடுத்து, 107 ஊர்களில் 105 ஊர்களில் புழுவின் பரவல் நிறுத்தப்பட்டதாக 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆக, இது விதியன்று, தடுக்கக்கூடிய நோய்.

சாவியும் மாத்திரையும்

நம் நாட்டில் நடந்த ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1980களில் சி.டி. ஸ்கேன் கருவி இந்திய மருத்துவமனைகளில் பரவியபோது, வலிப்பு வந்த பலரின் மூளையில் ஒரேயொரு சிறு வட்டக் கறை தென்பட்டது. காசநோய் மிகுந்த நாடாகையால், அது மூளையில் தோன்றிய காசக்கட்டி என்று மருத்துவர் பலர் கருதினர். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரைகள் கொடுத்தனர். மீண்டும் ஸ்கேன் எடுத்தால் கறை மறைந்திருந்தது. "மருந்து வேலை செய்தது, ஆகவே அது காசநோயே" என்று முடிவாயிற்று.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சாண்டி, ராஜசேகர் முதலிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் இக்கறைகளை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அங்கே இருந்தது காசநோயன்று. நலிந்துகொண்டிருந்த நாடாப்புழுப் பை. 1989இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது. காசநோய் மருந்து கொடுக்காவிட்டாலும் இக்கறைகளில் பெரும்பாலானவை தாமே மறைகின்றன என்பதும் தெளிவாயிற்று.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிடங்களில் தானாக நின்றுவிடும். சாவி கொடுத்தவுடன் நின்றதால், சாவியால் நின்றது என்று நம்புகிறோம். கறை தானாக மறைந்தபோது மாத்திரையால் மறைந்தது என்று நம்பியதும் இதே தருக்கப் பிழைதான். ஒன்று தெருவில் நடந்தது; மற்றது மருத்துவமனையில் நடந்தது. படிப்பு ஒருவரை இப்பிழையிலிருந்து தானாகக் காப்பாற்றிவிடாது. ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமே காப்பாற்றும்.

வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 50,000 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2006இல் வெளிவந்தது. ஆயிரம் பேரில் சுமார் நால்வருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் மூளையிலுள்ள புழுப்பை.

மறுகோடியில் நிற்கும் பிழைகள்

விட்டுப்போன அம்புக்குறியைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. மூன்று தவறான கருத்துகள் மக்களிடையே உலவுகின்றன.

முதலாவது, முட்டைக்கோசில் நெளியும் புழு மூளைக்குள் ஏறிவிடும் என்பது. கோசில் நாம் காண்பது வண்ணத்துப்பூச்சி அல்லது விட்டில் இனத்தின் கம்பளிப்புழு. அதற்கும் நாடாப்புழுவுக்கும் எந்த உறவும் இல்லை. குற்றம் கோசின் மேல் இல்லை. மலம் கலந்த நீரை அதன்மேல் பாய்ச்சியவர் மேலும், கழுவாத கையால் அதைத் தொட்டவர் மேலும்தான். நன்கு கழுவி வேகவைத்த கோசை அஞ்சாமல் உண்ணலாம்.

இரண்டாவது, எல்லா வலிப்புக்கும் புழுவே காரணம் என்பது. வேலூர்க் கணக்கிலேயே மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் இதுவன்று. பிறப்பின்போது ஏற்படும் மூளைச் சேதம், தலைக்காயம், மூளைக் காய்ச்சல், பரம்பரைக் கூறு எனக் காரணங்கள் பல. எது என்று அறிய மருத்துவரின் சோதனை வேண்டும்.

மூன்றாவது, பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரை இதையும் தடுத்துவிடும் என்பது. 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரை உருளைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கு உரியது. அவற்றுக்கு அது அவசியம். தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஒரு மாத்திரை நாடாப்புழுவை உறுதியாக நீக்கும் என்று சொல்ல முடியாது. இதே மருந்தை மூளைப் புழுப்பைக்கும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வலிப்பு உள்ளவர் தாமாகவே பல நாள் வாங்கி உண்பது ஆபத்து. பல பைகள் ஒரே சமயத்தில் செத்தால் மூளையில் அழற்சி பெருகும். அதனால்தான் மருத்துவர் ஸ்கேன் பார்த்து, அழற்சியைத் தணிக்கும் மருந்தையும் வலிப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

புதிய படம்

ஒரு படத்தில் ஓர் அம்புக்குறி குறைந்ததற்கா இத்தனை பேச்சு என்று சிலர் கேட்கலாம். 'பன்றி தின்பவனுக்கு வரும் நோய்' என்று நினைக்கும் ஊர், தன் கிணற்றையும் கையையும் சோதிப்பதில்லை. யாரையோ இழிவாகப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறது. வலிப்பு வந்த பிள்ளையைச் 'சாபம்' என்று மறைக்கிறது. 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு விதி, அடிக்கடி வலிப்பு வருபவர் மணம் செய்யத் தகுதியற்றவர் என்று கூறியது. 1999இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் நீக்கிவிட்டது, பெண் பார்க்க வருவோரின் மனம் இன்னும் முழுமையாக நீக்கவில்லை. கீரைக்கட்டோடு வந்த ஒரு முட்டைக்காக ஒரு பெண்ணின் வாழ்வு பாழாவதை என்னென்று சொல்வது!

எனவே மாணவர்களே, அடுத்த முறை இப்படத்தை வரையும்போது மனிதனுக்குப் பக்கத்தில் இன்னொரு மனிதரையும் வரையுங்கள். முதல் மனிதரின் கையிலிருந்து அவருடைய வாய்க்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அங்கிருந்து மூளைக்கு மற்றோர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிகளைத் துண்டிக்கும் இடங்களில் கழிப்பறை, சோப்பு, தூய நீர், நாடாப்புழு உள்ளவருக்கு மருத்துவம் என்று எழுதுங்கள். யாருக்கேனும் வலிப்பு வந்தால் சாவி தேடாதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அன்று கேள்வி கேட்ட மாணவிக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவளுக்கு நான் கொடுத்த விடை தவறு. "சைவமானாலும் கையைக் கழுவம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும்.